பச்சை டிக்கும் 48 பைட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்காக வரும் தொடரை முதல் பகுதியிலிருந்தே படித்துவருகிறேன். சாக்கெட் (நெட்வொர்க் வழியே பேச நிரல் திறக்கும் முனை), போர்ட் (அந்த முனையின் எண்) போன்ற சொற்களை ஒரு தமிழ் நாளிதழ் பொறுமையாக விளக்குவதைப் பார்க்க மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. சென்ற வாரப் பகுதியில், ஒரு சாக்கெட் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, செயலியில் சேர்த்து, பத்தே வரியில் சர்வரோடு பேச வைப்பது எப்படி என்று காட்டியிருந்தீர்கள். அந்தப் பத்து வரிகளையும் நான் தட்டிப் பார்த்தேன். ஓடின. ஆனால் கடைசிப் பத்தியில், "இணைப்பைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம், லைப்ரரி பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த நீளமான கடிதம்.

நான் 17 ஆண்டுகளாக நெட்வொர்க் நிரல் எழுதுகிறவள். அதில் பாதிக்கு மேல் செல்போனுக்காக எழுதியது. லைப்ரரிகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவை இல்லாமல் ஒரு நாள் வேலைகூட நகராது. ஆனால் மேசைக் கணினியில் நம்பி விட்டுவிடக்கூடிய சில விஷயங்களைச் செல்போனில் அப்படி விட முடியாது. கற்றுக்கொள்கிறவருக்கு இது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். அவர் தாமதமாகத் தெரிந்துகொண்டால் நட்டப்படுவது அவராக இருக்காது, அவருடைய செயலியை நம்பிய வேறொருவராக இருக்கும். எங்கள் விஷயத்தில் அப்படி நட்டப்பட்டவர் ஒரு நர்ஸ்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த நிறுவனத்தில், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்களுக்காக ஒரு செயலி செய்தோம். ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் நர்ஸ் அங்கேயே போனில் பதிவார். அது உடனே சர்வருக்குப் போய், மருத்துவரின் திரையில் தெரியும். அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் ஒரு பச்சை டிக் வரும். பார்க்க அழகாக இருந்தது. அலுவலகத்தில் நாங்கள் நூறு முறை சோதித்தபோது நூறு முறையும் வேலை செய்தது.

ஒரு மாதம் கழித்து மருத்துவரிடமிருந்து புகார் வந்தது. ஒரு நர்ஸ் பார்த்துவரும் நோயாளிகளில் சிலருடைய அளவுகள் மட்டும் அடிக்கடி வருவதில்லை. மற்ற நர்ஸ்களுக்கும் அவ்வப்போது விடுபட்டது என்றாலும் இவருக்குத்தான் அதிகம். சர்வரில் பிழை எதுவும் பதிவாகவில்லை. செயலியிலும் பிழை இல்லை. அப்படியானால் அவர் அனுப்ப மறந்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், மறுத்துப் பேசவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

மறுநாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. "பச்சை டிக் வந்துச்சு மேடம். நான் கண்ணால பார்த்துட்டுத்தான் போனைப் பைக்குள்ள வெச்சேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க அவருடன் போனேன்.

அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய வீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தன. ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர 40 நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுக்கச் செயலி திறந்தேதான் இருந்தது. காலையில் திறந்த அதே சாக்கெட்தான், ஆனால் அதன் வழியாக ஒரு பைட்கூடப் போகவில்லை, வரவில்லை. மூன்றாவது வீட்டில் ரத்த அழுத்தம் எடுத்தார். 170க்கு 110. பதிந்து, பொத்தானைத் தொட்டார். பச்சை டிக் வந்தது. போனைப் பையில் வைத்தார். நான் உடனே சர்வர் பக்கம் பேக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலங்களை, கவனித்துக்கொண்டிருந்த சக ஊழியரைக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்றார். போனின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 48 பைட் அனுப்பப்பட்டது என்று எழுதியிருந்தது. சர்வரில் பூஜ்யம்.

அந்த 48 பைட் எங்கே போயிற்று என்பதைத்தான் உங்கள் தொடர் சொல்லியிருக்க வேண்டும்.

சாக்கெட் என்ற இந்த ஏற்பாடு பரவலானது 1983இல், பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வழியாக. இன்று எந்த லைப்ரரியைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் கிடப்பது அதே சாக்கெட், கனெக்ட், செண்ட், ரிசீவ் அழைப்புகள்தான். அன்றைய கணினிகள் ஓர் அறையில் நிலையாக நின்றவை. காலையில் ஒரு முகவரி, மாலையில் ஒரு முகவரி என்று மாறாதவை. டிசிபி என்பது பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் நெறிமுறை. அந்த டிசிபி இணைப்பு ஒன்றை அடையாளம் காட்டுவது நான்கே எண்கள்: நம் ஐபி முகவரி, நம் போர்ட், அந்தப் பக்கத்து ஐபி முகவரி, அந்தப் பக்கத்து போர்ட். இவற்றில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது நம் முகவரி மாறிவிடுகிறது. பழைய இணைப்பு அந்த நொடியே பயனற்றுப் போகிறது. ஆனால் செத்துவிட்டேன் என்று அது தானாக வந்து சொல்லும் என எதிர்பார்க்க முடியாது.

நர்ஸ் விஷயத்தில் முகவரிகூட மாறவில்லை. நாள் முழுக்க மொபைல் டேட்டாதான். அங்கே நடந்தது வேறு. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். எல்லாப் போனுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப் போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, எந்தப் போனின் எந்த இணைப்பு எது என்று நடுவில் ஓர் அட்டவணையில் குறித்துவைக்கின்றன. நாட் (முகவரி மாற்றம்) என்று சொல்வது இதைத்தான். அந்த அட்டவணையிலும் இடம் அளவானது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லாத இணைப்பின் வரியை அது அழித்துவிடும். அமைதியாக இருக்கும் டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் அழிக்கக் கூடாது என்று 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. நாங்கள் சோதித்த வலையமைப்புகளில் ஒன்று 5 நிமிடத்துக்குள்ளேயே அழித்தது. நர்ஸ் 40 நிமிடம் பயணம் செய்திருக்கிறார். இணைப்பு எப்போதோ போய்விட்டது. போனுக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. இருபக்கமும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தன.

சரி, அப்புறம் 48 பைட் அனுப்பியதாகப் பதிவேடு ஏன் சொன்னது? செண்ட் என்ற அழைப்பு வெற்றி என்று திரும்பினால், பைட்டுகள் நம் போனுக்குள்ளேயே கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், வைக்கப்பட்டன என்று மட்டும்தான் பொருள். ஒரு கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டதைப் போல. அது சேர்ந்ததா என்பதற்கு அந்த அழைப்பு உறுதி சொல்வதே இல்லை. கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கர்னல், பதில் வராத பேக்கெட்டை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதன் இயல்பு அமைப்பில் 15 முறை முயன்ற பிறகுதான் கைவிட்டுப் பிழையைச் சொல்லும். அதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகிவிடும். நர்ஸ் அதற்குள் போனைப் பையில் வைத்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். செயலியையும் இயங்குதளம் முடக்கி வைத்திருக்கும். எங்கள் நிரலோ செண்ட் திரும்பியதுமே பச்சை டிக்கைப் போட்டது. நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி, எழுதும் வேலை முடிந்ததும் 'அனுப்பியாயிற்று' என்ற பெயரில் ஒரு நிகழ்வை எழுப்பும். அந்தப் பெயரை நம்பி அதில் டிக்கைக் கோத்துவிட்டோம்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் இருக்கிறதே என்று சில மாணவர்கள் கேட்பார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். டிசிபியில் அந்த வசதி உண்டு. ஆனால் நாமாக இயக்கினால்தான் இயங்கும். இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் 7,200 நொடி, அதாவது 2 மணி நேரம் அமைதியாக இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பேக்கெட் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் 75 நொடிக்கு ஒன்றாக மொத்தம் 9 முறை. நிலையாக நிற்கும் கணினிக்கு அது சரி. 5 நிமிடத்தில் அட்டவணையைத் துடைக்கும் வலையமைப்பில் அதனால் என்ன பயன்?

எச்சரிக்கைக் கடிதத்தை நிறுவனம் திரும்பப் பெற்றது. நான் அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு உட்கார்ந்து திருத்தினோம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் வாசகர்களுக்கு உதவும்.

முதல் வேலையாக, பச்சை டிக்கைச் செண்டிலிருந்து பிரித்தோம். நர்ஸ் பொத்தானைத் தொட்டதும் அளவு முதலில் போனிலேயே கோப்பில் எழுதப்படும். திரையில் ஒரு சாம்பல் கடிகாரம் தெரியும். பிறகு சர்வருக்குப் போகும். சர்வர் அதைத் தன் தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகு, 'இந்த எண்ணுள்ள அளவைப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு பதில் அனுப்பும். அந்தப் பதில் போனுக்கு வந்தால்தான் கடிகாரம் பச்சை டிக்காக மாறும். பதில் 10 நொடிக்குள் வராவிட்டால் அந்தச் சாக்கெட்டையே மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து மறுபடி அனுப்புவோம்.

இதில் ஒரு சிக்கல் உடனே முளைத்தது. அளவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? போன் மறுபடி அனுப்பும். மருத்துவரின் திரையில் ஒரே நோயாளிக்கு 170க்கு 110 இரண்டு முறை தெரியும். இரண்டு முறை எடுத்தும் குறையவில்லை போலிருக்கிறது என்று அவர் மருந்தைக் கூட்டிவிட்டால் என்ன ஆவது? சோதனையிலேயே இதைக் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் பிறக்கும்போதே போனில் ஒரு தனி அடையாள எண் கொடுத்தோம். மறுமுறை அனுப்பும்போதும் அதே எண். சர்வர் ஏற்கனவே பார்த்த எண் வந்தால் இரண்டாவதாகப் பதியாது. ஆனால் பெற்றுக்கொண்டேன் என்ற பதிலை மட்டும் மீண்டும் அனுப்பும். பதிலை மீண்டும் அனுப்புவதை மறந்துவிடக் கூடாது. மறந்தால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிந்தனை ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1984இல் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை இரு முனையிலும் உள்ள பயன்பாடுகளே சரிபார்க்க வேண்டும், நடுவில் உள்ள வலையமைப்பு எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தச் சரிபார்ப்புக்கு அது ஈடாகாது என்பது அவர்கள் வாதம். 40 ஆண்டு கடந்தும் லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று நாம் எழுதுவதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து இதயத் துடிப்பு. செயலி திரையில் இருக்கும் வரை, வேறு பேச்சு இல்லாவிட்டாலும் 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய செய்தி அனுப்பிப் பதில் வாங்கினோம். டிசிபியின் மேல் செய்திகளைப் பரிமாறும் வெப்சாக்கெட் நெறிமுறையைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பிங், பாங் என்று இது ஏற்கனவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஏன் 4 நிமிடம், 10 நொடிக்கு ஒருமுறை அனுப்பலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். போனின் ரேடியோ ஒவ்வொரு சிறிய பேச்சுக்கும் விழித்துக்கொள்ளும். பேச்சு முடிந்ததும் உடனே தூங்காது, இன்னும் ஏதாவது வருமா என்று பல நொடிகள் காத்திருக்கும். 10 நொடிக்கு ஒருமுறை தட்டினால் அது தூங்கவே தூங்காது. மாலைக்குள் பேட்டரி காலி. நாள் முழுக்க வெளியில் இருக்கும் ஒருவரின் போனை நடுவழியில் அணைந்துபோகச் செய்வது சின்னத் தவறில்லை. செயலி பின்னணிக்குப் போய்விட்டால் துடிப்பை நிறுத்திவிட்டோம். எப்படியும் ஆண்ட்ராய்டு 6.0 வந்த 2015 முதல், அசையாமல் கிடக்கும் போனில் டோஸ் என்ற நிலை பின்னணி நெட்வொர்க்கைத் தடுத்துவிடுகிறது. ஐபோனில் பின்னணிச் செயலி இன்னும் சீக்கிரம் உறங்கிவிடும். அந்த நேரத்தில் செயலியை எழுப்ப வேண்டுமென்றால் செயலிக்கு அறிவிப்பு கொண்டுவரும் இயங்குதளத்தின் புஷ் சேவைதான் வழி. நம் சாக்கெட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை.

வலையமைப்பு மாறுவதை இயங்குதளமே சொல்லும். ஆண்ட்ராய்டில் 5.0 முதல் அதற்கென்று அழைப்புகள் இருக்கின்றன. ஆப்பிள் 2018இல் ஐஓஎஸ் 12உடன் கொடுத்த நெட்வொர்க் என்ற லைப்ரரி, இப்போது வழி இல்லை, காத்திருக்கிறேன் என்பதையும், இதைவிட நல்ல வழி கிடைத்திருக்கிறது என்பதையும் தனித்தனியாகச் சொல்லும். நல்ல லைப்ரரி என்றால் எனக்கு இதுதான். எதையும் மறைத்து எல்லாம் நலம் என்று சொல்லும் லைப்ரரியைவிட, நிலைமையை உள்ளபடி என்னிடம் சொல்லும் லைப்ரரியை நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் தொடரில் அறிமுகப்படுத்திய லைப்ரரியிலும் இணைப்பு அறுந்தால் அழைக்கப்படும் செயற்கூறு இருக்கிறது. அந்தப் பத்து வரி எடுத்துக்காட்டில் அது காலியாக விடப்பட்டிருந்தது. படிக்கிறவரும் காலியாகத்தான் விடுவார்.

மறு இணைப்பு பற்றியும் ஒன்று. அறுந்ததும் உடனே மறுபடி இணை என்று எழுதுவது எளிது. எங்கள் சர்வரை ஒருமுறை பராமரிப்புக்காக நிறுத்தி ஏற்றினோம். எல்லாப் போன்களும் ஒரே நொடியில் கதவைத் தட்ட, சர்வர் எழுந்திருக்கவே முடியாமல் மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதோடு ஒவ்வொரு போனும் தன்னளவில் ஒழுங்கின்றித் தேர்ந்த ஒரு சிறிய குருட்டு எண்ணையும் சேர்த்துக்கொண்டு காத்திருக்கும்படி மாற்றினோம். அந்தக் குருட்டு எண் இல்லாவிட்டால், இடைவெளி எவ்வளவு நீண்டாலும் எல்லாரும் சேர்ந்தேதான் வந்து நிற்பார்கள்.

இப்போது உங்கள் எடுத்துக்காட்டு நிரலில் உள்ள ஒரு பிழைக்கு வருகிறேன். இதைத் தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டும். அதில் 1,024 பைட் அளவுள்ள ஒரு பஃபரில் ரிசீவ் செய்து, வந்ததை அப்படியே எழுத்தாக மாற்றித் திரையில் காட்டுகிறீர்கள். டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். நாம் ஒரே தடவையில் அனுப்பிய செய்தி ஒரே தடவையில்தான் வந்துசேர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பாதியாக வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். ஆங்கிலத்தில் சோதித்தால் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட். எங்கே வெட்டினாலும் எழுத்து முழுதாகவே இருக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கு' என்பதில் ககரத்துக்கு 3, உகரக் குறிக்கு 3, ஆக 6 பைட். இடைவெளியே இல்லாத தமிழ் வரியை 1,024 பைட்டில் வெட்டினால் 341 குறிகள் முழுதாக வரும், 342ஆவது குறியின் முதல் பைட் மட்டும் தனியாக நிற்கும். மீதி இரண்டு பைட் அடுத்த ரிசீவில். இரண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றினால் வெட்டிய இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். நர்ஸ் தமிழில் எழுதிய குறிப்பு ஒன்றில் 'வலி குறைந்தது' என்பதன் நடுவில் இப்படி ஆகி, வலி குறைந்ததா கூடியதா என்று தெரியாமல் மருத்துவர் திரும்ப அழைத்துக் கேட்டார். தமிழ் ஆதரவு இல்லை என்று எழுத்துருவைக் குறைசொல்லி இரண்டு நாள் வீணாக்கினோம். எழுத்துருவில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதுங்கள், அதிக மதிப்புள்ள பைட் முதலில் வரும் நெட்வொர்க் வரிசையில். பெறும் பக்கத்தில் முதலில் அந்த 4 பைட் முழுதாகச் சேரும் வரை படியுங்கள். அந்த 4 பைட்கூடப் பிய்ந்து வரலாம். பிறகு அத்தனை பைட் சேரும் வரை படியுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்றுங்கள். நீளம் அளவுக்கு மீறிப் பெரிதாக வந்தால் இணைப்பை மூடுங்கள். உங்கள் பத்து வரி இருபது வரியாகும். அவ்வளவுதான். செய்திகளைப் பிரித்துத் தரும் வெப்சாக்கெட் போன்றவற்றைப் பயன்படுத்தினால் இந்த வேலை மிச்சம்.

முகவரியை எண்ணாக எழுதிவைப்பதையும் தயவுசெய்து எடுத்துக்காட்டிலிருந்து நீக்குங்கள். பல மொபைல் வலையமைப்புகள் இன்று போனுக்கு ஐபி ஆறாம் பதிப்பு முகவரி மட்டுமே தருகின்றன. பெயரைக் கொடுத்து முகவரி கேட்டால் இடையில் மொழிபெயர்க்கும் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். பழைய பாணி நான்கு எண்ணை நேராக எழுதினால் சில இடங்களில் இணைப்பே கிடைக்காது. 2016 ஜூன் முதல் ஆப்பிளின் கடைக்கு வரும் செயலிகள் ஆறாம் பதிப்பு மட்டும் உள்ள வலையமைப்பிலும் ஓட வேண்டும் என்பது விதி.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் பிழை வந்தால் சரிபார்ப்பை நிறுத்திவிடலாம் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள், மாணவர்கள் அந்த ஒரு வரியை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். உங்கள் தொடர் அடுத்துப் பாதுகாப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சரிபார்ப்பை நிறுத்திய டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்பில், யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாமல் பூட்டிய பெட்டியைக் கொடுத்துவிடுகிறோம், சாவியோடு சேர்த்து. பொது இடத்து வைஃபையில் உட்கார்ந்திருக்கும் போனுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. பிழை வந்தால் சான்றிதழைத் திருத்தச் சொல்லுங்கள்.

2021 மே மாதம் தரமாக வெளிவந்த குவிக் என்ற நெறிமுறை, டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்ற எளிய நெறிமுறையின் மேல் ஓடுகிறது. அது இணைப்புக்கு என்று தனி அடையாளம் வைத்திருப்பதால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குப் போன் மாறினாலும் இணைப்பு தொடர முடியும். 1983இன் அந்த நான்கு எண் சிக்கலுக்கு நெடுநாள் காத்திருந்து கிடைத்த விடை. நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் குவிக் தரும் ஒப்புதலும், பேக்கெட் அந்தப் பக்கத்து குவிக் அடுக்குக்கு வந்தது என்பதைத்தான் சொல்லும். நர்ஸ் எடுத்த அளவு தரவுத்தளத்தில் ஏறியதா என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்தப் பதிலை அப்போதும் நாம்தான் எழுத வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. அந்தக் கடைசிப் பத்தி வாக்கியத்தை அடுத்த பகுதியில் திருத்தி வெளியிடுங்கள். கூடவே மாணவர்களுக்கு ஒரு பயிற்சியும் கொடுங்கள். செயலியைத் திறந்து ஒரு செய்தி அனுப்பட்டும். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒன்று அனுப்பட்டும். அரை மணி நேரம் எதையும் தொடாமல் வைத்திருந்து ஒன்று. லிஃப்டுக்குள் நின்றபடி ஒன்று. அனுப்பும் பொத்தானைத் தொட்ட கையோடு ஃப்ளைட் மோடுக்கு மாற்றி ஒன்று. ஒவ்வொரு முறையும் போனின் திரை என்ன சொல்கிறது, சர்வரில் என்ன இருக்கிறது என்று இரண்டு நெடுவரிசையாக எழுதி ஒப்பிடட்டும். ஃப்ளைட் மோட் சோதனையில்தான் பெரும்பாலான செயலிகள் மாட்டும். இதற்கு ஒரு போனும் ஒரு பிற்பகலும் போதும்.

அந்த நர்ஸ் இன்றும் அதே வேலையில் இருக்கிறார். திருத்திய செயலி வெளிவந்த முதல் வாரம் எனக்கு ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினார். ஏழு அளவுகள், ஐந்தில் பச்சை டிக், இரண்டில் சாம்பல் கடிகாரம். "ரெண்டு இன்னும் போகல மேடம், சிக்னல் வர்ற இடத்துக்குப் போயிட்டு இருக்கேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிரல் எழுதும் ஒரு வாசகி